முறத்தில் நிற்பது எது?
மையப் பணவீக்கத்தை அளப்பது குறித்து ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவு



இரண்டு எண்களை முன்வைத்துத் தொடங்குகிறேன். 2023 ஜூலையில் இந்தியாவின் நுகர்வோர் விலைப் பணவீக்கம் 7.44 சதவீதம். 2025 அக்டோபரில் அதே பணவீக்கம் 0.25 சதவீதம். 2012ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட வரிசையில் அதைவிடக் கீழே எந்த மாதமும் இறங்கியதில்லை. இரண்டையும் கணக்கிட்டது ஒரே அலுவலகம், ஒரே முறையில்தான். விலை கேட்டு எழுதியதும் அதே 1,114 நகரச் சந்தைகளிலும் 1,181 கிராமங்களிலும்தான். கூட்டல் கழித்தலில் பிழை ஒன்றும் இல்லை. ஆனாலும் இருபது ஆண்டுக்கு வீட்டுக்கடன் கொடுக்கும் வங்கிக்கோ, மூன்றாண்டுக்கு ஊதிய ஒப்பந்தம் பேசும் தொழிற்சங்கத்துக்கோ, வட்டி விகிதத்தை நிர்ணயிக்கும் ரிசர்வ் வங்கிக்கோ இந்த இரண்டு எண்ணும் கைகொடுக்காது. விலைவாசி எந்தத் திசையில் போய்க்கொண்டிருக்கிறது என்பதே அவர்கள் கேள்வி. முதல் எண்ணைக் கேட்டவர் வீடு பற்றி எரிகிறது என்று நினைப்பார். இரண்டாவதைக் கேட்டவர் அடுப்பே அணைந்துவிட்டது என்று நினைப்பார். இரண்டு நினைப்பும் தவறு.

காய்கறி விலை ஒன்றை மட்டும் அருகில் வைத்துப் பார்ப்போம். 2024 அக்டோபரில் காய்கறிகளின் விலை முந்தைய ஆண்டைவிட 42 சதவீதம் கூடியிருந்தது. 2025 அக்டோபரில் அது முந்தைய ஆண்டைவிட 27 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. 2023இல் 100 ரூபாய்க்கு வாங்கிய காய்கறி அடுத்த ஆண்டு 142 ரூபாயாகி, அதற்கடுத்த ஆண்டு ஏறக்குறைய 103 ரூபாய்க்கு வந்துவிட்டது. இரண்டு ஆண்டில் கூடியது மூன்று ரூபாய். நடுவில் ஒரு முறை பேரேற்றம் என்றும் ஒரு முறை பெருவீழ்ச்சி என்றும் தலைப்புச் செய்தி வந்தது. ஓராண்டு முன்னே இருந்த விலையோடு ஒப்பிடும் முறையில் இந்த ஊசலாட்டம் தவிர்க்க முடியாதது. ஊசல் எந்தப் புள்ளியைச் சுற்றி ஆடுகிறதோ அந்தப் புள்ளியைக் கண்டுபிடிக்கும் முயற்சிக்குத்தான் மையப் பணவீக்கத்தை அளத்தல் என்று பெயர்.

இன்று நான் நிறுவ விரும்புவது ஒரே ஒரு கருத்து. விலைவாசியின் நிலைத்த போக்கைத் தேடும்போது ஒரு பொருளை அதன் பெயரைப் பார்த்துக் கூடையிலிருந்து நீக்கக் கூடாது, அதன் விலை நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்தே நீக்க வேண்டும். அப்படிப் பக்குவமாக எடுத்த அளவும் நமக்கு வழிகாட்டியாக இருக்கலாமே தவிர, இலக்காகிவிடக் கூடாது.

புடைத்தலின் கதை

முறத்தில் அரிசி புடைப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த முயற்சியை விளக்குவது எளிது. லேசானது பறக்கும், கனமானது நிற்கும். பறப்பது உமி என்ற நம்பிக்கையில்தான் கை வீசுகிறது. வீச்சு கூடிப்போனால் உமியோடு நொய்யும் பறந்துவிடும், சில நேரம் நல்ல அரிசியும் போய்விடும். வீச்சு குறைந்தால் உமி முறத்திலேயே கிடக்கும். பொருளியலாளர்கள் அரை நூற்றாண்டாகச் செய்துவருவது இந்தக் கைவேலைதான். மையப் பணவீக்கம் என்ற சொல் 1970களின் நடுவில், அமெரிக்கப் பொருளியலாளர் ராபர்ட் கார்டன் போன்றோரின் எழுத்துகள் வழியே புழக்கத்துக்கு வந்தது. அதற்குப் பின்னணி 1973இன் எண்ணெய் விலை ஏற்றமும் அதே காலத்து உணவு விலை ஏற்றமும். இவை இரண்டும் போர், வானிலை முதலியவற்றால் வருபவை, வட்டியைக் கூட்டி இவற்றைத் தணிக்க முடியாது, ஆகவே இவற்றை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பார்ப்போம் என்ற வாதம் அன்று வலுப்பெற்றது. உணவும் எரிசக்தியும் நீங்கலான விலைக் குறியீடு உலகெங்கும் பரவியது அப்படித்தான்.

அந்தக் காலத்தின் இன்னொரு பாடத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அப்போது அமெரிக்க ஃபெடரல் ரிசர்வின் தலைவராக இருந்தவர் ஆர்தர் பர்ன்ஸ். அவர் காலத்தில் அங்கே பணியாற்றிய ஸ்டீபன் ரோச் பின்னாளில் எழுதியிருக்கிறார்: முதலில் எண்ணெயை நீக்கச் சொன்னார்கள், அடுத்து உணவை, பிறகு விலை கூடிய வேறு சில பொருள்களையும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக் காரணம் இருந்தது. நீக்கிக்கொண்டே போன பிறகும் மிச்சமிருந்த கூடையில் விலை ஏறிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் இது ஒரு பொருளின் கதை இல்லை, பணத்தின் மதிப்பே சரிந்த கதை என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. மையப் பணவீக்கம் பிறந்த வீட்டிலேயே அதன் தவறான பயன்பாடும் பிறந்தது என்பதை நாம் மறக்கலாகாது. நிலைத்த போக்கைக் காணப் பயன்படும் கருவியே, காண விரும்பாததை மறைக்கும் திரையாகவும் ஆகிவிடும்.

நம் சல்லடையை அருகில் பார்த்தால்

இந்தியாவில் மையப் பணவீக்கம் என்று ரிசர்வ் வங்கியும் சந்தை ஆய்வாளர்களும் வழக்கமாகச் சொல்லிவந்தது, உணவுப் பொருள்கள் பானங்கள் என்ற தொகுதியையும் எரிபொருள் விளக்கு என்ற தொகுதியையும் நீக்கிய மிச்சத்தை. 2012 வரிசையில் உணவுத் தொகுதியின் பங்கு 45.86 சதவீதம். எரிபொருளின் பங்கு 6.84 சதவீதம். இரண்டும் போக மிஞ்சுவது 47.30 சதவீதம். அதாவது நூறு ரூபாய் குடும்பச் செலவில் 53 ரூபாயை ஒதுக்கிவிட்டு, பாதிக்கும் குறைவான தொகையை வைத்துக்கொண்டு, இதுதான் மையம் என்றோம். அந்தப் பாதிக்குள் என்ன இருந்தது, வெளியே போனது என்ன என்று பார்த்தால்தான் சிக்கல் விளங்கும்.

முதலில் உள்ளே நிற்பவை. எரிபொருளை நீக்கிவிட்டோம் என்று சொன்னாலும் பெட்ரோல் உள்ளேயே இருந்தது. எரிபொருள் விளக்குத் தொகுதியில் வந்தவை சமையல் எரிவாயு, மின்சாரம், விறகு, மண்ணெண்ணெய் முதலியவை. வண்டிக்குப் போடும் பெட்ரோலும் டீசலும் போக்குவரத்துத் தொகுதியில் அமர்ந்திருந்ததால் நீக்கலுக்குத் தப்பிவிட்டன. உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் ஏறினால் நம் மையமும் ஏறும். அடுத்தது தங்கம். முழுக் கூடையில் அதன் பங்கு 1.08 சதவீதம்தான். ஆனால் 47.30 சதவீதமாகச் சுருங்கிய மையக் கூடையில் அது 2.3 சதவீதமாகிவிட்டது. 2025 இறுதியில் தங்கம் ஓராண்டில் 50 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. பெருக்கிப் பார்த்தால் தங்கம் மட்டுமே மையப் பணவீக்கத்தில் ஒரு சதவீதப் புள்ளிக்கு மேல் சேர்த்திருக்கும். அந்த மாதங்களில் மையப் பணவீக்கம் 4 சதவீதத்துக்குச் சற்று மேலே நின்றது. உள்நாட்டுத் தேவை சூடாக இருக்கிறது என்பதற்கு அதை ஆதாரமாகக் காட்டியிருந்தால், நியூயார்க்கிலும் லண்டனிலும் நிர்ணயமான தங்க விலையை நம் ஊர்த் தேவை என்று தவறாகப் படித்திருப்போம்.

வாடகைக்கும் ஒரு கதை உண்டு. 2017இல் ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரைப்படி மத்திய அரசு ஊழியர்களின் வீட்டு வாடகைப் படி கூடியது. அரசுக் குடியிருப்புகளுக்கான வாடகையை அந்தப் படியைக் கொண்டே மதிப்பிட்டதால் குறியீட்டெண்ணில் வீட்டு வாடகை ஏறியது. எந்த வீட்டு உரிமையாளரும் வந்து வாடகையைக் கூட்டிக் கேட்டதால் வந்த ஏற்றம் அல்ல இது. இந்தப் புள்ளியியல் விளைவைத் தனியே பிரித்துப் பார்க்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி அப்போது மீண்டும் மீண்டும் விளக்க வேண்டியிருந்தது. 2025 செப்டம்பர் 22இல் நடைமுறைக்கு வந்த சரக்கு சேவை வரிக் குறைப்பு இதற்கு நேரெதிர்த் திசையில் வேலை செய்தது. ஒரே தடவை நிகழ்ந்து ஓய்கிற இத்தகைய மாற்றங்கள் எல்லாம் மையத்துக்குள் சத்தமில்லாமல் நுழைந்துவிடுகின்றன.

இனி வெளியே போனவை. உணவுத் தொகுதிக்குள் தக்காளி இருந்தது. அதன் பங்கு 0.57 சதவீதம். 2023 ஜூலையில் விலை முந்தைய ஆண்டைப்போல் மும்மடங்கானபோது, தக்காளி ஒன்றே முழுப் பணவீக்கத்தில் தோராயமாக ஒரு சதவீதப் புள்ளியைச் சேர்த்தது. அதை நீக்குவதில் யாருக்கும் மறுப்பிருக்காது. ஆனால் அதே தொகுதிக்குள்தான் சமைத்த உணவு, சிற்றுண்டி, இனிப்பு என்ற பிரிவும் 5.55 சதவீதப் பங்கோடு இருந்தது. மெஸ் சாப்பாடும் டீக்கடைத் தேநீரும் அதற்குள் அடங்கும். டீக்கடையில் விலை மாறுவதை நினைத்துப் பாருங்கள். பால் விலை ஏறினாலும் கடைக்காரர் மறுநாளே கூட்டுவதில்லை. டீத்தூள், சர்க்கரை, வணிக சிலிண்டர், கிளாஸ் கழுவும் பையனின் சம்பளம், கடை வாடகை என்று எல்லாம் சேர்ந்து நெருக்கும்வரை பொறுத்திருந்து, ஒரு நாள் பலகையில் எழுதிய பழைய விலையை அழித்துப் புதிதாக எழுதுவார். அப்படி எழுதிய விலை பிறகு இறங்குவதில்லை. பால் விலை குறைந்தாலும் இறங்காது. ஊதியம், வாடகை, எரிபொருள், மூலப்பொருள், வருங்கால எதிர்பார்ப்பு ஆகிய ஐந்தும் ஒரு டம்ளருக்குள் கலந்திருக்கும் அந்த விலையைவிட நிலைத்த போக்கைக் காட்டும் விலை வேறு எது? அதை உணவு என்ற பெயருக்காக வெளியே தள்ளிவிட்டு, தங்கத்தையும் பெட்ரோலையும் உள்ளே வைத்திருந்தோம். முறத்தில் உமி கிடக்க, அரிசி பறந்தது.

இது வகைப்பாட்டின் விபத்து, யாருடைய சதியும் இல்லை. 2024ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட புதிய வரிசையில், பன்னாட்டு வகைப்பாட்டைப் பின்பற்றி, உணவகச் செலவு தனித் தலைப்பாகப் பிரிந்திருக்கிறது. 2012 வரிசையில் அறவே இடம்பெறாத கிராமப்புற வாடகையும் சேர்ந்திருக்கிறது. வரவேற்க வேண்டிய திருத்தங்கள் இவை. ஆனால் ஒரு பொருள் எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது என்பதை வைத்தே மையத்தை வகுக்கும் பழக்கம் தொடர்ந்தால், தலைப்பு மாறும்போதெல்லாம் மையமும் இடம் மாறிக்கொண்டிருக்கும்.

பெயரைப் பார்க்காத முறைகள்

பெயரைப் பார்க்காமல் நடத்தையை மட்டும் பார்க்கும் முறைகள் ஏற்கனவே உண்டு. 1990களில் மைக்கேல் பிரயன், ஸ்டீபன் செக்கெட்டி ஆகிய இருவரும் முன்னெடுத்த இடைநிலை அளவு அவற்றில் ஒன்று. கணக்கை ஒரு சிறு கூடையில் போட்டுப் பார்க்கலாம். ஒரு குடும்பத்தின் நூறு ரூபாய்ச் செலவில் பஸ் கட்டணம் 15, வாடகை 30, பால் 20, அரிசி 25, தக்காளி 10 என்று கொள்வோம். ஓராண்டில் பஸ் 3 சதவீதம், வாடகை 4, பால் 5, அரிசி 6, தக்காளி 60 சதவீதம் ஏறிவிட்டன. முழுப் பணவீக்கம் 10.15 சதவீதம். உணவை நீக்கினால் மிஞ்சும் பஸ்ஸும் வாடகையும் தருவது 3.7 சதவீதம். ஏற்றங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, செலவின் ஐம்பதாவது ரூபாய் எந்தப் பொருளில் விழுகிறது என்று பார்த்தால் அது பால். ஆகவே இடைநிலை அளவு 5 சதவீதம். வரிசையின் இரு முனையிலும் பத்துப் பத்து ரூபாயை வெட்டிவிட்டு நடுவில் இருப்பதற்குச் சராசரி எடுத்தால் 4.8 சதவீதம். தக்காளியின் கூச்சலை அடக்க 10.15ஐக் கைவிட்டது சரி. ஆனால் உணவை மொத்தமாக நீக்கி 3.7க்கு இறங்கியபோது, அமைதியாக ஐந்தும் ஆறுமாக ஏறிக்கொண்டிருந்த பாலையும் அரிசியையும் சேர்த்து வாயடைத்துவிட்டோம். பின்னிரண்டு அளவுகளும் அவற்றைப் பேசவிடுகின்றன.

ஆஸ்திரேலியாவில் இரு முனையிலும் 15 சதவீதம் வெட்டிய சராசரியே பல ஆண்டுகளாக முதன்மையான வழிகாட்டி. கனடா 2016இன் இறுதியில் மூன்று அளவுகளை ஏற்றது: இடைநிலை, வெட்டிய சராசரி, எல்லா விலைகளிலும் பொதுவாக ஓடும் அசைவைப் புள்ளியியல் மாதிரியால் பிரித்தெடுக்கும் அளவு. ஜப்பானில் மையக் குறியீடு என்றால் நீக்கப்படுவது வாடி அழுகும் புத்தம்புதிய உணவு மட்டும். அரிசியும் சமைத்த உணவும் உள்ளேயே இருக்கும். தக்காளிக்கும் சாப்பாட்டுக்கும் வேறுபாடு தெரிந்த முறை அது.

இந்த முறைகள் தவறே செய்வதில்லை என்று சொன்னால் அது நேர்மையாகாது. 2021 ஜூனில் அமெரிக்காவில் பழைய கார்களின் விலை ஓராண்டில் 45 சதவீதம் ஏறியிருந்தது. உணவும் எரிசக்தியும் நீங்கலான பணவீக்கம் 4.5 சதவீதத்தைத் தொட்டிருந்தது. ஆனால் கிளீவ்லாந்து ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் இடைநிலை அளவு அப்போது அதில் பாதி அளவில் அமைதியாக இருந்தது. ஏற்றம் ஒருசில பொருள்களோடு நின்றுவிடும், தானே தணியும் என்று வாதிட்டவர்களுக்கு அந்த அமைதி துணைநின்றது. அடுத்த ஆண்டு முழுப் பணவீக்கம் 9.1 சதவீதத்துக்குப் போயிற்று. இடைநிலை அளவும் 7 சதவீதம்வரை ஏறியது, ஆனால் தாமதமாக. நெருப்பு சில வீடுகளில் தொடங்கித் தெருவுக்குப் பரவும்போது, நடுவீட்டை மட்டும் பார்ப்பவருக்குக் கடைசியில்தான் தெரியும். கனடாவின் மூன்றாவது அளவு வேறு விதத்தில் தடுமாறியது. புதிய தரவு வந்தபோதெல்லாம் பழைய மாதங்களின் மதிப்பும் பெரிதும் திருத்தப்பட்டதால், 2022க்குப் பின் அதை அந்நாட்டு மத்திய வங்கி முன்னிறுத்துவதை விட்டுவிட்டது.

இதிலிருந்து நான் பெறும் பாடம், எந்த அளவும் பயனற்றது என்பதல்ல. பல அளவுகளை ஒன்றுசேர வைத்து, அவை ஒன்றுக்கொன்று விலகும் இடத்தைத்தான் கூர்ந்து படிக்க வேண்டும். முழுப் பணவீக்கம் ஏற, இடைநிலை அசையாமல் இருந்தால் ஏற்றம் சில பொருள்களோடு நிற்கிறது. இரண்டும் சேர்ந்து ஏறினால் பரவுகிறது. 2022இன் இலங்கையில் இந்தக் கேள்விக்கு விடை தேட நுண்கணிதம் தேவைப்படவில்லை. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி அந்த ஆண்டு செப்டம்பரில் முழுப் பணவீக்கம் 69.8 சதவீதம். மையப் பணவீக்கமும் 50.2 சதவீதம். உணவையும் எரிசக்தியையும் எவ்வளவு நீக்கினாலும் மிஞ்சியது ஐம்பது. உரம், எண்ணெய், போர் என்ற தனித்தனிக் காரணங்கள் உண்மைதான். அவற்றுக்கு அடியில் ரூபாயின் மதிப்பே கரைந்துகொண்டிருந்தது என்பதை அந்த ஐம்பது மறைக்காமல் சொன்னது.

இலக்காக்கலாமா?

இனி நம் நாட்டின் நேரடிக் கேள்விக்கு வருகிறேன். 2016இல் திருத்தப்பட்ட ரிசர்வ் வங்கிச் சட்டம் 4 சதவீதத்தை இலக்காகவும் 2 முதல் 6 சதவீதத்தை எல்லையாகவும் வைக்க வழிசெய்தது. இலக்கு முழுப் பணவீக்கத்துக்கே. 2024 ஜூலையில் வெளியான மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கை இதை மாற்றலாமே என்று கேட்டது. தலைமைப் பொருளாதார ஆலோசகர் வி. அனந்த நாகேஸ்வரன் தலைமையில் உருவான அந்த அறிக்கையின் வாதம் எளிதில் தள்ளத்தக்கது அல்ல: உணவு விலை ஏறுவது பெரும்பாலும் வழங்கல் குறைவால். தேவையைக் கட்டுப்படுத்தும் வட்டியால் அதை மாற்ற முடியாது. ஆகவே உணவு நீங்கலான பணவீக்கத்தை இலக்காக்கி, உணவு விலையால் பாதிக்கப்படும் ஏழைகளுக்கு நேரடிப் பணமோ கூப்பனோ கொடுக்கலாம். அடுத்த மாதமே, தொடர்ந்து நீடிக்கும் உணவுப் பணவீக்கத்தைக் கண்டும் காணாமல் இருக்க முடியாது என்ற நிலைப்பாட்டை அப்போதைய ரிசர்வ் வங்கி ஆளுநர் சக்திகாந்த தாஸ் தெளிவாக்கினார். 2025 ஆகஸ்டில் கருத்துக் கேட்டு வங்கி வெளியிட்ட விவாத அறிக்கையிலும் முழுப் பணவீக்கமா மையமா என்பது ஒரு கேள்வியாக இடம்பெற்றது.

இதைத் தீர்க்க ஒரு சோதனை இருக்கிறது. முழுப் பணவீக்கமும் மையமும் விலகும்போது எது எதை நோக்கி நகர்கிறது என்று பார்க்க வேண்டும். முழுமை மையத்துக்குத் திரும்பினால் விலகல் வெறும் சலசலப்பு. மையம் முழுமையை நோக்கிப் போனால் உணவுதான் உண்மையான மையம். 2023 இந்தச் சோதனையில் பொருளாதார ஆய்வறிக்கையின் பக்கம் நிற்கிறது. ஜூலையில் 7.44ஆக இருந்த முழுப் பணவீக்கம் அக்டோபரில் 4.87க்கு இறங்கிவந்தது. அதுவரை 5 சதவீதத்தை ஒட்டி நின்ற மையம் அதன் பின்னால் போகவில்லை. புதிய தக்காளி சந்தைக்கு வந்ததும் கதை முடிந்தது.

ஆனால் 2009 வேறு கதை சொல்கிறது. அந்த ஆண்டு பருவமழை இயல்பைவிட 22 சதவீதம் குறைந்தது. மொத்த விலைப் பணவீக்கம் ஆண்டின் நடுவில் பூஜ்யத்துக்குக் கீழே போயிருந்தது. தேவையின் அழுத்தத்தை அறிய அன்று ரிசர்வ் வங்கி உற்றுப் பார்த்தது உணவல்லாத ஆலைப் பொருள்களின் மொத்த விலையை. அதில் அச்சமூட்ட எதுவும் இல்லை. உலக நிதி நெருக்கடிக்கு மருந்தாக 4.75 சதவீதத்துக்குக் குறைத்த ரெப்போ வட்டி, அதாவது வங்கிகளுக்குக் கொடுக்கும் குறுகியகாலக் கடனுக்கு ரிசர்வ் வங்கி வாங்கும் வட்டி, 2010 மார்ச் வரை அப்படியே இருந்தது. தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைப் பணவீக்கமோ 2010 ஜனவரியில் 16 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. அது ஒரு மழையோடு ஓயவில்லை. வருமானம் உயர உயரப் பருப்பு, பால், முட்டை, இறைச்சி ஆகியவற்றின் தேவை கூடுவதைத் துணை ஆளுநர் சுபீர் கோகர்ண் 2010இலேயே புரதத்தின் விலை என்ற தலைப்பில் பேசினார். கிராமப்புறக் கூலியும் கொள்முதல் விலையும் சேர்ந்து ஏறின. 2010 மார்ச்சுக்கும் 2011 அக்டோபருக்கும் இடையே பதின்மூன்று முறை வட்டியைக் கூட்டிய பிறகும் நுகர்வோர் விலைப் பணவீக்கம் 2013 வரை 10 சதவீதத்தின் பக்கத்திலேயே நின்றது. அரசின் பற்றாக்குறைச் செலவுக்கும் இதில் பங்குண்டு என்பதால் முழுப் பழியையும் ஓர் அளவுகோலின் மேல் போட முடியாது. ஆனால் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்காததற்கு அந்த அளவுகோல் ஒரு காரணம். 2014 ஜனவரியில் உர்ஜித் படேல் குழு முழு நுகர்வோர் பணவீக்கத்தையே நங்கூரமாக்கப் பரிந்துரைத்தது இந்த அனுபவத்திலிருந்துதான். உணவும் எரிபொருளும் கூடையில் பாதிக்கு மேல் இருக்கும் நாட்டில் மக்களின் எதிர்பார்ப்பை அவையே வடிக்கின்றன என்று அக்குழு கருதியது.

ஆக, ஒரே சோதனை இரண்டு காலங்களில் இரண்டு விடை தருகிறது. இதில் முரண் இல்லை. 2023இன் ஏற்றம் மூன்று மாதத்தில் விளையும் பயிரால் வந்தது. 2009க்குப் பின் வந்தது கூலியும் உணவுப் பழக்கமும் சார்ந்த ஏற்றம். உணவு என்ற ஒரே சொல் இரண்டு வெவ்வேறு பிராணிகளுக்குப் பெயராக இருக்கிறது. தானியங்களைப் பாருங்கள். 2022இன் வெப்ப அலையில் கோதுமை அடிபட்ட பிறகு, 2023 ஜனவரியில் தானிய விலை 16 சதவீதம் ஏறியிருந்தது. தக்காளியைப்போல் அது மூன்று மாதத்தில் இறங்கவில்லை. அன்றைய கூடையில் 9.67 சதவீதப் பங்கிருந்த தானியம் ஓராண்டுக்கு மேல் உயர்ந்தே நின்றது. உணவு நீங்கலான இலக்கு இருந்திருந்தால் சட்டப்படி அது கண்ணில் பட்டிருக்கவே வேண்டியதில்லை.

சில மறுப்புகள்

வட்டியைக் கூட்டினால் தக்காளி காய்க்குமா என்று கேட்பார்கள். காய்க்காது. முழுப் பணவீக்கத்தை இலக்காக வைப்பதற்குத் தக்காளிக்காக வட்டி கூட்ட வேண்டும் என்று பொருளும் இல்லை. 2023 ஜூலையில் பணவீக்கம் 6 சதவீத எல்லையைத் தாண்டியும் வட்டியை முடிவுசெய்யும் பணக்கொள்கைக் குழு ரெப்போ வட்டியை 6.50 சதவீதத்திலேயே வைத்திருந்தது. பொறுத்திருக்க அந்தக் குழுவுக்கு இடம்கொடுத்தவை மைய அளவுகள். இலக்கு ஊரைச் சொல்கிறது, மையம் வழியைச் சொல்கிறது. வழி கரடுமுரடாக இருக்கிறது என்பதற்காக ஊரை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

ஏழைகளுக்குக் கூப்பன் கொடுத்தால் போதாதா என்பது அடுத்த மறுப்பு. கொடுக்கத்தான் வேண்டும். விலையில்லா அரிசியை ரேஷன் கடையில் ஆண்டுக்கணக்கில் கொடுத்துவரும் தமிழ்நாட்டில் அதன் அருமையை எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கூப்பன் ஒரு குடும்பத்தின் இழப்பை ஈடுசெய்யும். கூலி பேசும்போது தொழிலாளி சொல்லும் எண்ணை மாற்றாது. 2022-23ஆம் ஆண்டின் வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வுப்படி கிராமக் குடும்பங்களின் செலவில் 46 சதவீதமும் நகரக் குடும்பங்களின் செலவில் 39 சதவீதமும் உணவுக்கே போயின. அதற்குப் பத்தாண்டு முன்பு இவை முறையே 53, 43 சதவீதம். பங்கு குறைந்திருக்கிறது, ஒரு காலத்தில் இந்த வாதமே தேவையற்றதாகலாம். இன்று அந்த நிலை வரவில்லை. உண்ணாத மக்களுக்கான விலைவாசியை இலக்காக வைத்து, அதை அடைந்துவிட்டோம் என்று அறிவிக்கும் மத்திய வங்கியின் சொல்லை உண்பவர்கள் நம்ப மாட்டார்கள். நம்பிக்கைதான் பணவீக்கக் கொள்கையின் முதல்.

மூன்றாவது மறுப்புதான் எனக்குக் கனமாகப் படுகிறது. பல அளவுகளை வைத்துக்கொண்டால் அந்தந்த மாதத்துக்கு வசதியானதை எடுத்துக் காட்டமாட்டார்களா? ஏறும்போது இடைநிலை, இறங்கும்போது முழுமை, தங்கம் ஏறினால் தங்கம் நீங்கலாக என்று போய்விடாதா? பர்ன்ஸ் காலத்துக் கதை அதுவேதான். இதற்கு மருந்து அளவுகளைக் குறைப்பதில் இல்லை, அவற்றை முன்கூட்டியே கட்டிப்போடுவதில் இருக்கிறது. நான்கைந்து மைய அளவுகளைத் தேர்ந்தெடுத்து, எதை எதற்காக நீக்குகிறோம் என்று ஆண்டின் தொடக்கத்திலேயே அறிவித்து, ஒவ்வொரு மாதமும் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் வெளியிட வேண்டும். உணவை அதன் விலை நிலைக்கும் காலத்தை வைத்து வகுக்க வேண்டும்: அழுகும் காய்கறி ஒருபுறம், தானியமும் பாலும் இன்னொருபுறம், சமைத்த உணவு சேவைகளோடு. ஆண்டுக்கு ஒரு முறை, சென்ற ஆண்டு இந்த அளவுகளில் எது அடுத்த பன்னிரண்டு மாத முழுப் பணவீக்கத்தைச் சரியாக முன்னறிவித்தது, எது ஏமாற்றியது என்று கணக்குக் காட்ட வேண்டும். ஏமாற்றிய அளவைக் கைவிட விரும்பினால் காரணத்தை எழுதிவிட்டுக் கைவிடட்டும்.

அந்தக் கணக்கில் கடைசி நீதிபதியாக இருப்பது முழுப் பணவீக்கமே என்பதைக் கவனியுங்கள். மைய அளவு ஒவ்வொன்றும் முழுமையைப் பற்றிய ஒரு முன்னறிவிப்பு. முன்னறிவிப்பையே இலக்காக்கிவிட்டால் அது சரியா தவறா என்று சோதிக்க எதுவும் மிஞ்சாது. முறம் வேண்டும், அதை வீசத் தெரிந்த கையும் வேண்டும். புடைத்து முடித்தபின் உலையில் போடும் அரிசி எவ்வளவு என்று பார்க்கத்தான் படியை எடுக்கிறோம். அந்தப் படி முறத்துக்குள்ளேயே கிடந்தால் பறந்துபோனது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாமல் போகும்.